துலக்கி வைத்த சுல்தான் காசுகள்

இந்தப் பதிவின் தலையில் இருக்கும் படத்தை நான்தான் எடுத்தேன். தண்ணீருக்கு மேலே நீட்டிய ஒரு பெண்ணின் கை, சிவப்புக் கண்ணாடி வளையல்கள், பின்னால் மங்கலாகச் சுவாமியின் குடை. பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் போனேன், எப்படிப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாசி மகத்துக்குத் திருவண்ணாமலை போக நினைப்பவர்களுக்கு வழித்தகவலாவது மிஞ்சட்டும்.

நான் பழங்காசு சேர்ப்பவன். அதிலும் மதுரை சுல்தான்கள் வெளியிட்ட செப்புக்காசுகள் மட்டும். மதுரையில் சுல்தான்கள் ஆண்டது அரை நூற்றாண்டுகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் தன் பெயரை அரபு எழுத்தில் பொறித்துக் காசு அடித்திருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். கையில் வைத்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு ஏறிய ஏதோ ஒரு தகடு. பூதக்கண்ணாடி வைத்தால்தான் உள்ளே ஒரு பெயர் இருப்பது தெரியும். அந்தப் பெயர்களைக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு நானாகவே அரபு எழுத்து கற்றுக்கொண்டேன். வீட்டில் இதற்கு என்ன மரியாதை என்று கேட்காதீர்கள்.

அந்த சுல்தான்களில் ஒருவன்தான் திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்து ஆண்ட வல்லாள மகாராஜாவைப் போரில் பிடித்துக் கொன்றவன். ராஜாவுக்கு அப்போது எண்பது வயது என்கிறார்கள். அண்ணாமலையார் கோயிலில் வல்லாள கோபுரம் இன்றும் அந்த ராஜாவின் பெயரில் நிற்கிறது. கொன்றவனின் காசுகளோ சந்தையில் கிடைக்கின்றன, என்னிடமே நான்கு உண்டு. ஆனால் அவை எந்த மண்ணில் கிடைத்தவை என்று யாருக்கும் தெரியாது. வியாபாரி கை மாறி வியாபாரி கை வந்தவை. கிடைத்த இடம் தெரியாத காசு, முகவரி கிழிந்த கடிதம் மாதிரி.

அந்த சுல்தானின் படை திருவண்ணாமலைப் பக்கம் வந்து தங்கியிருக்க வேண்டும் என்று பதினொரு வருடமாகச் சொல்லிவருகிறேன். காசு சேர்ப்பவர்கள் கூட்டம் ஒன்றில் இதைக் கட்டுரையாகப் படித்தபோது, "ஆதாரம் எங்கே?" என்று ஒருவர் கேட்டார். என்னிடம் இல்லை. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவன் பெயர் பொறித்த ஒரே ஒரு காசு, அந்த ஊர் மண்ணிலிருந்து, கிடைத்த இடத்தோடு எனக்கு வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

மாசி மகத்துக்கு ஒன்பது நாள் முன்னால் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர்க்காரர், வேன் ஓட்டுகிறார், மணிலாக்கொட்டை (நிலக்கடலை) போடும் கொஞ்சம் நிலமும் உண்டு. நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டும்போது கைப்பிடி அளவு மண் கலயம் ஒன்று உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டிய காசுகள் வந்தனவாம். படம் மங்கல். ஆனாலும் மேலாக இருந்த ஒரு காசில் நான்கு எழுத்து எனக்குத் தெரிந்தது. அந்தப் பெயரின் முதல் பாதி. உடனே அவருடைய எண்ணுக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினேன். குழுவில் இருக்கும் வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்ற அவசரம். அந்தக் குரல் பதிவைப் பற்றியும் பிறகு வருகிறேன்.

அடுத்த நாள் ஏழுமலை கூப்பிட்டார். "போன் கேமரா கண்ணாடி விரிஞ்சு போச்சு சார், படம் சரியா வரமாட்டேங்குது. நேர்ல வந்து பாருங்க. சூப்பரா வந்திருக்குது. மாசி மகத்தன்னிக்கு நாங்க எப்படியும் பள்ளிகொண்டாப்பட்டு ஆத்தாண்ட வருவோம், அப்டியே உங்கள கூட்டினு வந்துர்றேன்" என்றார். 'சூப்பரா வந்திருக்குது' என்பதன் அர்த்தத்தை அன்றைக்கே கேட்டிருக்கலாம். எனக்கு சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது.

கிளாம்பாக்கத்தில் காலை 5.15 அரசுப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழி. டிக்கெட் 190 ரூபாய், ஏறத்தாழ 165 கிலோமீட்டர். செஞ்சிக்கு வெளியே டீக்கு நிறுத்திய கடையில் 20 ரூபாய்க்கு வெந்நீர் கொடுத்தார்கள். அதற்கு டீ என்று பெயர். இந்த வழியில் வந்தால் திருவண்ணாமலைக்கு 20 கிலோமீட்டர் முன்னாலேயே கீழ்பென்னாத்தூர் வந்துவிடும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கேதான் இறங்க வேண்டியவன், சொன்ன பேச்சைக் கேட்டு ஊர் வரை போனேன். 9.25க்குத் திருவண்ணாமலை.

ஒரு எச்சரிக்கை. மாசி மகமும் பௌர்ணமியும் சேர்ந்தே வரும். அதாவது கிரிவலக் கூட்டம் மொத்தமும் உங்களோடு இருக்கும். செங்கம் ரோட்டில் ஆசிரமப் பகுதியில் 1,400 ரூபாய் என்று போனில் சொன்ன அறைக்கு நேரில் 2,800 கேட்டார்கள். "இன்னிக்கு பௌர்ணமி சார், ஜாஸ்திதான். கம்மியா வேணும்னா நாளைக்கு வாங்க" என்றார் வரவேற்பில் இருந்தவர். நாளைக்கு வந்தால் நான் ஏன் இன்றைக்கு வந்தேன்? கொடுத்தேன். பக்கத்து கஃபேயில் வெளிநாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து 160 ரூபாய்க்கு இரண்டு தோசை. தோசையின் மேல் ஏதோ விதைகளைத் தூவியிருந்தார்கள். மன அமைதிக்காக வருகிறவர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அந்தத் தெருவுக்குத் தெரியும்.

பள்ளிகொண்டாப்பட்டுக்கு ஆட்டோ 250 ரூபாய், இருபத்தைந்து நிமிடம். கௌதம நதிக்கரையில் இருக்கும் கிராமம் அது. பிள்ளை இல்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளை என்பது இந்த ஊர் நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் அண்ணாமலையார் இந்த ஆற்றங்கரைக்கு வந்து, மகன் முறையில் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். கடவுள் மனிதனுக்குத் திதி கொடுப்பதை நீங்கள் வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? ஆட்டோ ஓட்டிய பெரியசாமிக்கு இதில் எந்த ஆச்சரியமும் இல்லை.

"தைப்பூசத்தன்னிக்கு சாமி ஆத்துக்குப் போய்ட்டு திரும்பறப்போ சேதி சொல்லுவாங்க சார். உங்கப்பா சண்டையில செத்துட்டாருன்னு. அப்பாலேருந்து மேளம் கெடையாது, தாளம் கெடையாது. கம்முனு கோயிலுக்குப் போயிருவாரு. இன்னிக்குதான் காரியம்."

"கொன்னது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டுமே.

"யாரா இருந்தா இன்னா சார், செத்தவருக்குப் புள்ள இருக்காரு. கொன்னவனுக்கு யாரு இருக்கா?"

'நான் இருக்கிறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது அது எனக்கு நல்ல நகைச்சுவையாகப் பட்டது.

11 மணிக்கு ஆற்றில் இறங்கினேன். மாசியில் பெரிய வெள்ளம் எதிர்பார்க்காதீர்கள். கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ், கலங்கிய தண்ணீர். பந்தல், சுவாமி, அர்ச்சகர்கள், சுற்றிலும் கிராமத்து ஜனங்கள். எள்ளும் தண்ணீரும் விட்டு மந்திரம் சொல்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத இடமாகப் பார்த்து நின்றால் கேட்கலாம். குடையும் தொப்பியும் கொண்டு போங்கள், நிழல் கிடையாது. செருப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் விட்டால் திரும்பக் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ஏழுமலை என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். நாற்பது வயது இருக்கும், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கூட அவர் மனைவி கஸ்தூரி. கீழ்பென்னாத்தூர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவர், பி.காம். படித்தவர். "வந்துட்டீங்களா சார், சாப்ட்டீங்களா?" என்று இருவரும் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். பௌர்ணமி என்றால் வேன்காரர்களுக்கு ஓட்டம் நிற்காது. அந்த நாளில் எனக்காக வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தார் ஏழுமலை. அதை அவர் சொல்லவில்லை. அவருக்கு வந்துகொண்டே இருந்த போன்களில் இருந்து எனக்குத் தெரிந்தது.

திதி முடிகிற நேரம். "ஒரு நிமிஷம் சார், ராஜாவுக்கு ஒண்ணு வேண்டிக்கினேன், விட்டுட்டு வந்துர்றேன்" என்று கஸ்தூரி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். சுற்றிலும் எல்லோரும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். வளையல் கை, தண்ணீர், பின்னால் குடை. பதிவுக்கு நல்ல படம் என்று போனை நீட்டினேன். எடுத்தேன்.

வேனில் கீழ்பென்னாத்தூர். கூட்டத்தில் ஊர்ந்து வெளியே வந்து, ஒரு மணி பத்து நிமிடம். வீட்டில் நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார்கள். ஏழுமலை சாமி அலமாரியைத் திறந்து ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை இரண்டு கையாலும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

தட்டில் பதினாறு காசுகள். ஒவ்வொன்றும் பளபளவென்று, நேற்று வாங்கிய செப்புத் தகடு மாதிரி. ஒரு களிம்பு இல்லை. ஒரு எழுத்தும் இல்லை.

காசு சேர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எழுநூறு வருடம் மண்ணுக்குள் கிடந்த செம்பு, மேல்தோல் முழுக்கக் களிம்பாக மாறிவிடும். எழுத்து இருப்பது அந்தக் களிம்பில்தான். களிம்பைத் தேய்த்து எடுத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். உள்ளே வெறும் உலோகம். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

ஒவ்வொன்றாக எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பதினாறும் மொட்டை. ஒன்றில் ஒரு கோடு இருந்தது. எழுத்தா, தேய்த்த கீறலா, தெரியவில்லை.

நான் கத்தினேன். அடுத்தவர் வீட்டில், அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு கத்தினேன். "யாருங்க இப்படிப் பண்ணினது? அறிவு வேணாமா? படிச்சவங்க இருக்கிற வீடுன்னு நெனச்சேனே!" என்று கஸ்தூரியைப் பார்த்தே சொன்னேன். ஏழுமலை தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கஸ்தூரி கோபப்படவில்லை. "புளியும் உப்பும் போட்டு ஊறவெச்சு, தேங்கா நார்ல தொலக்கினோம் சார். ஒரு ராத்திரி முழுக்க ஆச்சு. சாமி வெளக்கு தொலக்கற மாதிரிதான் பண்ணோம்" என்றார். பிறகு கணவரின் போனை வாங்கி, எதையோ தேடி, மேசைமேல் வைத்து அழுத்தினார்.

என் குரல். "ஏழுமலை சார், படம் தெளிவா இல்லை. அழுக்கு ஜாஸ்தியா இருக்கு. எல்லாத்தையும் நல்லா சுத்தம் பண்ணிட்டு, எழுத்து பளிச்சுனு தெரியற மாதிரி இன்னிக்கே ஒரு படம் எடுத்து அனுப்புங்க. வேற யார்கிட்டயும் காட்டாதீங்க. இது சாதாரணக் காசு இல்லை. உங்க ஊர் வல்லாள ராஜாவைக் கொன்ன சுல்தானோட காசு."

முப்பது வருடமாகக் காசு சேர்க்கிறவன் சொன்னது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு 'காசைக் கழுவாதே' என்று வகுப்பு எடுத்தவன் சொன்னது. அன்று என் கண்ணில் இருந்தது அந்தப் பெயரின் மறுபாதி மட்டும்தான். இன்னொருவன் படிப்பதற்குள் நான் படித்துவிட வேண்டும். வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. அந்தக் கூடத்தில் என் குரலை நானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏழுமலைதான் என்னைத் தேற்றினார். "பரவால்ல வுடுங்க சார். தெரியாம நடந்துபோச்சு." தெரிந்தவன் நான் என்று அவருக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் கலயத்தில் மொத்தம் எத்தனை காசு இருந்தது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பதினேழு சார்" என்றார் கஸ்தூரி. "ஒண்ணு மட்டும் எவ்ளோ தேச்சாலும் போகல. கன்னங்கரேல்னு அப்டியே இருந்துச்சு. எழுத்து நல்லா மேடாத் தெரிஞ்சுது, வளைச்சு வளைச்சு."

"அது எங்கே?"

அவர் கணவரைப் பார்த்தார். "மத்ததுல எல்லாம் அவன் பேரு போயிருச்சு, வெறும் செம்புதானேன்னு சாமிகிட்ட வெச்சிட்டேன். இதுல அவன் பேரு போகவே இல்ல. ராஜாவைக் கொன்னவன் பேரை வூட்ல எப்டி சார் வெச்சுக்கறது? பதினாறு நல்லதா இருக்குது, சாருக்கு அது போதும்னு நெனச்சோம். அதான் ராஜா திதியன்னிக்கே ஆத்துல விட்டுர்லாம்னு... நீங்கதான் பக்கத்துல நின்னு படம் புடிச்சீங்களே சார்."

யாரைக் குறை சொல்வது? சுத்தம் பண்ணச் சொன்னவன் நான். கொன்றவன் காசு என்று சொன்னவனும் நான். இரண்டையும் அவர்கள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு நடந்திருக்கிறார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்னதை யாரும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.

ஏழுமலை வேனை எடுத்தார். 3.40க்குத் திரும்பவும் பள்ளிகொண்டாப்பட்டு. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவாமி புறப்பட்டுப் போயிருந்தார். ஆயிரம் பேர் மிதித்துக் குழப்பிய சேற்றில் பேண்ட்டை மடித்துக்கொண்டு குனிந்து நின்று கையால் துழாவினேன். ஏழுமலையும் வேட்டியோடு இறங்கித் துழாவினார். கஸ்தூரி கரையில் நின்று, "இந்தாண்ட சார், இன்னும் கொஞ்சம் அந்தாண்ட" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கே சரியாக நினைவில்லை.

காசுகள் கிடைத்தன. ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய், ஒரு ரூபாய், ஒரு பழைய ஐம்பது பைசா. கை நிறைய. எடுத்தவற்றை எல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே போட்டேன், அவை எனக்கு வந்தவை இல்லை. சட்டைப் பொத்தான் அளவுக் கறுப்புக் காசு கிடைக்கவில்லை. பந்தல்காரர் ஒருவர் "என்ன தொலைச்சீங்க, மோதிரமா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். ஆறு மணிக்கு வெளிச்சம் போகும் வரை தேடிவிட்டுக் கரையேறினோம்.

வேன் வாடகை என்று நான் நீட்டியதை ஏழுமலை வாங்கவில்லை. "பொருள் கெடைச்சிருந்தா வாங்கினு இருப்பேன் சார்" என்றார். 2,800 ரூபாய் அறையில் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து, சிறப்புப் பேருந்தில் நின்றுகொண்டே சென்னை வந்தேன். அதற்கும் அதே 190.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி மகத் திதியை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள், உண்மையாகவே பார்க்க வேண்டியது. பத்தரைக்குள் ஆற்றங்கரையில் இருங்கள். அறை எடுக்காதீர்கள், ஒரே நாளில் போய்த் திரும்பலாம். முடிந்தால் கோயிலில் வல்லாள கோபுரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள். நான் நிற்கவில்லை, நிற்க முகம் இல்லை.

மண்ணில் பழங்காசு கிடைத்தால் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், பிரிக்காதீர்கள். மண்ணோடு அப்படியே ஒரு டப்பாவில் வைத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள். சொல்ல வேண்டும் என்பது சட்டமும்கூட. அந்த சட்டம் எனக்கு நன்றாகவே தெரியும். ஏழுமலையிடம் முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் யாராவது வந்து முறையாக எடுத்திருப்பார்கள், பெயரும் இடமும் சேர்ந்து பதிவாகியிருக்கும். என் கட்டுரைக்கு ஆதாரம் என் கையில் இல்லாமல் ஏதோ ஒரு அருங்காட்சியகத்தில் இருந்திருக்கும். அதுதான் எனக்குப் பிடிக்காமல் போனது. போன வாரம் ஏழுமலையே அந்தப் பதினாறையும் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். வாங்கியவர், "இதுல ஒண்ணும் இல்லையே" என்றாராம்.

கடைசியாக, மேலே இருக்கும் படம். அதைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். கஸ்தூரியின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறது. விளிம்பு தெரிகிறது. அதன்மேல் வெளிச்சம் பட்டு ஏதோ மேடாகத் தெரிகிறது. எத்தனை தடவை பெரிதாக்கினாலும் அது எழுத்தாகவில்லை, வெறும் கட்டங்களாகச் சிதறுகிறது. வளையல்கள் மட்டும் துல்லியமாக இருக்கின்றன. எடுக்கும்போது திரையில் விரல் வைத்து, வளையல் தெளிவாக விழட்டும் என்று நான்தான் அழுத்தினேன்.